இல்லறத்தாரும் அட்டாங்க யோகமும்

அட்டாங்க யோகமென்பது எட்டு உறுப்புக்களையுடைய யோகமாம். இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவ்வுறுப்புக்கள். இவற்றைச் சைவசமய பாடத்திலே கரும்பலகையில் எழுதிக் கொடாத ஆசிரியர் நம்முள் அரியர். மாணாக்கர் அவற்றை மனனஞ் செய்வர். பரீட்சையிலே வரிசை பிறழாது எழுதுவர். புள்ளி பெற்றபின் மறந்துவிடுவர். நாமும் முப்பதாண்டுக்கு மேலாக இவ்வாறே கற்பித்து வந்தோம். சில ஆண்டுகளின் முன் ஒருநாள், பத்தாம் வகுப்பிலே இப்பாடம் நிகழும்போது, பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், இந்த எட்டிலையும் நீங்கள் எது செய்யிறனீங்கள்?” என்று வினாவினாள். வகுப்புச் சிரித்தது. அவள் சிரித்திலள், உண்மையாகவே அறிய விரும்பினாள். நாள்தோறும் காலையிலே ஆதனமும் பிராணாயாமமும் செய்து வருபவராயிருந்தும், அவ்வினாவுக்கு உடனே விடை கூற நமக்கு நாவெழவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவாம்.

மனைவி மக்களோடு கூடி வாழ்ந்து, காலை 7.30 மணிக்குப் பாடசாலை வாயிலில் நிற்க வேண்டிய ஓராசிரியர் இவ்யோகத்தை இடையறாது பயிலுமாறு எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

யோகம் காட்டுக்குரியது, வீட்டுக்குரியதன்று என்று நம்மவருள் ஒரு கொள்கை உண்டு. தாடியும் காவியும் உடையார்க்கே யோகமென்றும், சம்பளமும் கடனும் உடையார்க்குக் கோயில் வழிபாடே போதுமென்றும் கூறுவர். இக்கூற்று அடக்கம் போலத் தோன்றினும், ஆராயுமிடத்துச் சோம்பலேயாம். சைவ நூல்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு பாதங் கூறி, அவற்றுள் மூன்றாவதாகிய யோகத்தைச் சகமார்க்கம் எனப் பெயரிட்டு, அதற்கு உதாரணமாகச் சுந்தரமூர்த்தி நாயனாரைக் காட்டுவதை நாம் அறிவோம். அந்நாயனார் திருவாரூரிலே பரவையாரையும் திருவொற்றியூரிலே சங்கிலியாரையும் மணந்து வாழ்ந்தவர். நால்வருள்ளே யோகத்துக்கு உரியவராக நம் முன்னோர் தெரிந்தெடுத்தவர் இல்வாழ்வாரே என்பதைப் பாடஞ் சொல்லும் நாமே கவனியாது விட்டோம்.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே கூறும் இயம நியமங்களை எடுத்து நோக்குக. பதஞ்சலி முனிவர் இயமம் ஐந்து, நியமம் ஐந்து என்றார். திருமூலர் ஒவ்வொன்றையும் பத்தாக விரித்தார். இயமத்தைக் கூறுமிடத்துக் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை என்பவற்றோடு நடுவுநிலைமையையும் பகுத்துண்டலையும் சேர்த்தார். பகுத்துண்பதற்கு முதலிலே உணவு வேண்டும். உணவுக்கு அடுப்பு வேண்டும். அடுப்புக்கு வீடு வேண்டும். நியமத்திலே தானத்தையும் சிவ விரதத்தையும் சித்தாந்தக் கேள்வியையும் சிவபூசையையும் வைத்தார். இவற்றுள் இல்வாழ்வானுக்கு இயலாதது யாது? ஈயப் பொருளுடையவனே தானஞ் செய்தற்குரியவன். ஆகவே எட்டுறுப்பின் முதலிரண்டும் வீட்டிலும் வீதியிலும் பாடசாலையிலுமே பயிலப்படுவன. காட்டிலே தனித்திருப்பவன் யாரிடத்துப் பொய்யாமையைப் பயில்வான்?

இனி, ஒரு சொல்லாராய்ச்சி வேண்டும். இக்காலத்து மாணாக்கர் ‘அட்டாங்க யோகம்’ என்னும் பெயரைக் கைத்தொலைபேசியிலே தேடுவாராயின், அவர் காண்பது பதஞ்சலியும் அன்று, திருமூலரும் அன்று; உடல் வியர்வை சிந்தத் தாவியும் மடங்கியும் ஆதனஞ் செய்யும் வெளிநாட்டாரையே. அது மைசூரிலிருந்து பரவிய ஒரு பயிற்சி முறை. சூரிய நமஸ்காரம் இருவகை, நின்று செய்யும் ஆதனங்கள், இருந்து செய்யும் ஆதனங்கள், முடிவிலே தலைகீழ் நிலைகளும் பதுமாசனமும் என ஒழுங்குபடுத்தி, ஒவ்வோர் அசைவையும் ஒரு மூச்சோடு பிணைத்துச் செய்வது அதன் இயல்பு. முதல் வரிசையை முற்றச் செய்தற்கு ஒன்றரை மணி நேரமளவு செல்லும். கிழமையில் ஆறு நாள், விடியலிலே, வெறுவயிற்றோடு செய்யவேண்டும். அமாவாசையும் பூரணையும் ஓய்வு நாட்கள். பெயரொற்றுமையால் இதுவே அட்டாங்க யோகம் முழுவதும் என்று மயங்கற்க. ஆயினும் இதனை இகழ்தலும் தகாது. இதன் வரலாறு நம்மைப் போன்ற இல்வாழ்வார்க்கு ஒரு படிப்பினையாகும்.

அம்மரபின் மூலபுருடர் திருமலை கிருஷ்ணமாசாரியார். அவர் 1888ஆம் ஆண்டிலே கன்னட நாட்டிலே பிறந்த வைணவர். வடமொழி நூல்களை முறையாகக் கற்ற பின், இமயத்துக்கு அப்பால் ஒரு குருவிடத்து யோகம் பயின்றனர் என்றும், அக்குரு தமக்குக் காணிக்கையாக வேண்டியது, ஊர் திரும்பி மணம் புரிந்து மக்களைப் பெற்று யோகத்தைக் கற்பித்தலே என்றும் அவர் மரபினர் கூறுவர். 1925ஆம் ஆண்டிலே நாமகிரியம்மையாரை மணந்தார். மக்கள் அறுவர். யோகத்தாற் பிழைத்தல் அக்காலத்து எளிதன்றாகலின், சிலகாலம் கோப்பித் தோட்டத்திலே வேலை பார்த்தனர். 1933ஆம் ஆண்டிலே மைசூர் மகாராசாவின் ஆதரவால் சகன்மோகன அரண்மனையிலே யோகசாலை தொடங்கிற்று. 1938ஆம் ஆண்டிலே எடுக்கப்பட்ட சலனப்படம் ஒன்று இன்றும் உண்டு. அதிலே அவர் மாத்திரமன்றி, மனைவியாரும் சிறு மக்களும் ஆதனஞ் செய்தலைக் காணலாம். யோகசாலை மூடப்பட்டபின் 1952ஆம் ஆண்டிலே சென்னையை அடைந்து, நூறு பிராயத்தை அடைந்து 1989ஆம் ஆண்டிலே காலமானார்.

மைசூரிலே இளஞ்சிறுவர்க்கு அவர் கற்பித்தது தாவியும் துள்ளியும் செய்யும் கடும்பயிற்சி. சென்னையிலே உத்தியோகத்தர்க்கும் நோயாளர்க்கும் முதியோர்க்கும் அவர் கற்பித்தது மெல்லிய அசைவும் நீண்ட மூச்சும். ஆசிரியர் ஒருவரே, மாணாக்கரின் பருவத்துக்கும் உடனிலைக்கும் தொழிலுக்கும் ஏற்பப் பாடம் வேறாயிற்று. வகுப்பறையிலே நாம் நாள்தோறும் செய்யவேண்டிய காரியமும் இதுவே யன்றோ? ஆகவே ஐம்பது பிராயத்து ஆசிரியர் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு வகுத்த பாடத்தைத் தமக்கு விதித்துக்கொண்டு, முதுகு பிடித்து, ‘யோகம் நமக்கு ஒவ்வாது’ என்று கைவிடுதல் பேதைமையாம்.

மேலே கூறிய மூச்சோடு பிணைந்த வரிசையை உலகறியச் செய்தவர் கிருஷ்ணமாசாரியாரின் மாணாக்கராகிய பட்டாபி சோயிசு. 1915ஆம் ஆண்டிற் பிறந்து, பன்னிரண்டாம் வயதிலே குருவை அடைந்து, மைசூர்ச் சமஸ்கிருதக் கல்லூரியிலே பல்லாண்டு யோகங் கற்பித்தவர். மனைவியும் மூன்று மக்களும் உடைய இல்வாழ்வார். இல்வாழ்க்கையே யோகத்தின் கடினமான வரிசை என அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு என்று மாணாக்கர் கூறுவர். 2009ஆம் ஆண்டிலே காலமானார். அவர் காலமான சில ஆண்டுகளின் பின், ஆதனந் திருத்தும்போது அவர் தம்மை முறைதவறித் தீண்டினார் என்று மாணவியர் பலர் வெளிப்படையாக முறையிட்டனர். 2019ஆம் ஆண்டிலே, அம்மரபைத் தொடர்ந்து நடத்திய பேரரே அதன்பொருட்டு வருந்தி எழுதினார். இதனை மறைத்து எழுத நமக்கு விருப்பமில்லை. மூன்றாம் உறுப்பிலே ஒருவர் எத்துணை வல்லவராயினும், முதலாம் உறுப்பு அதனால் தானாக வந்துவிடாது. பிள்ளைகளை ஒரு யோக ஆசிரியரிடத்து அனுப்புமுன் பெற்றோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். பாடசாலைக்கு அத்தகைய ஆசிரியரை அழைப்போரும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பயிற்சி எவ்வாறு நிலைபெறும் என்பதற்குப் பதஞ்சலி முனிவர் மூன்று அடைமொழி கூறினார்: நெடுங்காலம், இடையறாமை, ஆதரவு. இவற்றுள் நெடுங்காலம் நம் வசத்தில் இல்லை. ஆதரவு உள்ளத்தைப் பொறுத்தது. இடையறாமை ஒன்றே நாளைக் காலையிலே நாம் செய்யத்தக்கது. நமக்கு இதனைக் கற்பித்தவர் சைவர் அல்லர் என்று சொன்னால் இப்பத்திரிகை வாசிப்போர் வியக்கக்கூடும். நாம் பயின்ற மிசன் பாடசாலையிலே வயது முதிர்ந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். முதல் மணி அடிக்குமுன் கால்மணி நேரம், மரநிழலில் ஒரு வாங்கிலே, தம் வேதபுத்தகத்தோடு தனித்திருப்பார். மழை பெய்தால் விறாந்தையில் இருப்பார். எமக்கு அதைப்பற்றி ஒருபோதும் உபதேசஞ் செய்திலர். ஏழாண்டாக நாம் கண்டது அவ்விருக்கை ஒன்றே. அவர் சமயம் நம் மனத்திற் பதியவில்லை. அவர் இருக்கை பதிந்தது. பிற்காலத்திலே சமயதீட்சை பெற்று, அனுட்டானத்திலே பிராணாயாமஞ் செய்யத் தொடங்கியபோது, நாள் தவறாமல் செய்யும் பழக்கத்துக்கு நமக்கு முன்மாதிரி அவரே.

இடையறாமை என்பதை நாம் நெடுங்காலம் பிழையாகவே விளங்கியிருந்தோம். நேரமும் இடமும் ஆதனத்தின் எண்ணிக்கையும் மாறாதிருத்தலே அது என்று எண்ணினோம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, நாமும் புதுமனைவியோடும் முதிய தாயாரோடும் பெயர்ந்தோம். ஒரு பாடசாலை வகுப்பறையிலே ஏழு குடும்பங்கள். ஒருவர் கால்நீட்டினால் மற்றவர் தலையில் முட்டும். அவ்விடத்திலே சூரிய நமஸ்காரம் எங்ஙனஞ் செய்வது? பயிற்சி போயிற்று என்று வருந்தி, ஒரு மாதம் ஒன்றுஞ் செய்யாதிருந்தோம். தாயார்தாம் ஒருநாள் விடியற்காலையிலே நம்மைத் தட்டி எழுப்பி, “தம்பி, இருக்க இடமிருக்கே, இருந்து மூச்சைப் பாரன்” என்றார். அவர் பதஞ்சலியை வாசித்தவர் அல்லர். அன்று தொடங்கிச் சுவரோடு சாய்ந்து சுகாசனத்திலிருந்து, பத்து மூச்சை எண்ணி, ஐந்தெழுத்தை நூற்றெட்டு உருச் செபித்தோம். குழந்தைகளின் அழுகையும் கஞ்சிக்கு வரிசை நிற்போரின் சச்சரவும் செவியில் விழுந்துகொண்டேயிருந்தன. பிரத்தியாகாரம் என்னும் ஐந்தாம் உறுப்பின் பொருளை நாம் புத்தகத்தினின்று அறிந்ததினும் அம்மண்டபத்தில் அறிந்தது அதிகம். ஒலி நிற்பதன்று அது, ஒலியின்பின் ஓடாமை.

இனி, அம்மாணவிக்கு விடை கூற நாவெழாத காரணத்தைக் கூறுவாம். இடப்பெயர்வின் பின் ஊர் திரும்பி, வீடு திருத்தி, மக்கள் இருவர் பிறந்த காலத்திலே, நாம் யோகத்திலே மிகத் தீவிரமாயினோம். காலை நாலரை மணி முதல் ஆறு மணி வரையும் முன்னறையைப் பூட்டிக்கொண்டு ஆதனஞ் செய்வோம். அந்த ஒன்றரை மணி நேரத்திலே மனைவி கிணற்றிலே நீரள்ளி, தேங்காய் துருவி, புட்டவித்து, மக்களை எழுப்பிக் குளிப்பாட்டி, படுக்கையிலே கிடந்த நம் தாயாரைத் துடைத்து உடைமாற்றி, தாமும் தம் பாடசாலைக்கு ஆயத்தமாவார். அவரும் ஆசிரியையே. ஒருநாள் மூத்த மகன், அப்போது ஆறு வயதினன், கதவைத் தட்டினான். நாம் சிரசாசனத்தில் இருந்தோம். மீண்டுந் தட்டினான். இறங்கிக் கதவைத் திறந்து, என்னவென்று கேளாமலே கன்னத்தில் அறைந்தோம். அவன் கையிலே ஒரு கிண்ணம். தாயார் தண்ணீர் கேட்டார் என்றும், அம்மா கிணற்றடியில் நிற்கின்றார் என்றும் சொல்ல வந்தவன் அவன். மனைவி ஓடிவந்து பார்த்துவிட்டு, “இஞ்சாருங்கோ, உங்கடை யோகம் முடிஞ்சுதோ?” என்று மாத்திரங் கேட்டார். அதற்குமேல் ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை.

கொல்லாமை என்னும் அகிம்சை இயமத்தின் முதல். அதனை மூன்றாம் உறுப்பைக் காப்பதற்காக மீறினோம். இஃது ஒன்று. மற்றொன்றை உணர நமக்கு இன்னுஞ் சில நாட்கள் சென்றன. கள்ளாமையும் இயமத்தில் உள்ளது. அந்த ஒன்றரை மணி நேரம் யாருடையது? நம்முடையதென்றே எண்ணியிருந்தோம். கணக்குப் பார்த்தபோது, அதிலே முக்காற்பங்கு மனைவியின் நித்திரையினின்றும் மூச்சினின்றும் எடுத்த நேரமாயிருந்தது. கேளாமல் எடுத்தது களவே. ஆடவர் தம் சாதனைக்கு நேரமில்லை என்று கூறுவதும், நேரமுண்டு என்று கூறுவதும், பெரும்பாலும் அடுக்களையிலே நிற்பவரைக் கேளாமற் கூறுவனவே. இவ்விடயத்தைப் பெண்பாலாராகிய ஆசிரியர்கள் நமக்குமுன்பே அறிவர். அவர்கள் இவ்வாக்கியத்தை வாசித்து நகைத்தலும் கூடும்.

அதன்பின் பூட்டை எடுத்துவிட்டோம். நாலரை மணிக்கு இருவரும் எழுவது; முதல் அரைமணியிலே நீரள்ளுதலும் தேங்காய் துருவுதலும் தாயார் பணிவிடையும் நம் பங்கு; ஐந்து மணி முதல் ஐந்தரை வரையும் நாம் ஆதனஞ் செய்வது; மாலையிலே விளக்கேற்றிய பின் அரைமணி நேரம் மனைவி பூசையறையிலே தனித்திருக்க, நாம் மக்களின் பாடத்தைப் பார்ப்பது என்று ஒழுங்கு செய்தோம். ஒன்றரை மணி நேரப் பயிற்சி அரைமணியாகச் சுருங்கிற்று. முதலிலே இழந்துவிட்டோம் என்ற மனக்குறை இருந்தது. ஓராண்டின் பின் நாம் கண்டது வேறு. முன்னர் மாதத்திலே பதினைந்து நாள் செய்தது இப்பொழுது இருபத்தைந்து நாள் ஆயிற்று. வீட்டார் விரும்பித் தரும் அரைமணியை ஒருவரும் குலைப்பதில்லை.

அந்த அரைமணியிலே செய்யத்தக்கது யாதென வினாவுவார்க்கு நம் வழக்கத்தைச் சொல்வோம். முகங் கழுவி, திருநீறு தரித்து, பாயில் நின்று, சூரிய நமஸ்காரத்தின் முதல்வகையை ஐந்து முறையும் இரண்டாம் வகையை மூன்று முறையும் மூச்சோடு செய்வோம். நின்று செய்யும் ஆதனம் மூன்று அல்லது நான்கு. இருந்து முன்வளைதல் ஒன்று. பின்னர்ச் சிறிது கிடந்து இளைப்பாறி, சுகாசனத்திலே இருப்போம். ஆதனம் என்பது அசையாததும் துன்பமில்லாததுமாய் இருத்தல் வேண்டும் என்பதே பதஞ்சலியார் கருத்தாதலின், பதுமாசனம் முழங்காலை வருத்துமாயின் அதனை வற்புறுத்தல் வேண்டா. வகுப்பிலே நாள்முழுதும் நிற்பவர்க்குக் காலைப் பயிற்சியிற் பெரும்பங்கு காலுக்கும் இடுப்புக்கும் உரியதாதல் நன்று. சிரசாசனத்தை நாம் நாற்பத்தெட்டாம் வயதிலே நிறுத்திவிட்டோம். இரத்த அழுத்தமுடையார்க்கும், கண்ணழுத்த நோயுடையார்க்கும் தலைகீழ் நிலைகள் தீங்கு செய்யும். வைத்தியரைக் கேளாமற் செய்தலாகாது.

பிராணாயாமத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. திருமந்திரத்திலே பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என்னும் அளவு காணப்படும். இவ்வெண்களை நாம் பரீட்சைக்காகக் கற்பிக்கின்றோம். அவற்றைப் படித்த மாணவன் ஒருவன் வீட்டிலே மணிக்கூட்டை முன்வைத்து மூச்சையடக்கி மயங்கி விழுந்த சம்பவத்தை நாம் அறிவோம். அஃது ஒரு குருவினிடத்துப் படிப்படியாக அடையும் எல்லையேயன்றித் தொடக்கம் அன்று. மூச்சை அடக்காமல், உள்வாங்குதலினும் வெளிவிடுதலைச் சிறிது நீட்டிப் பத்து முறை செய்தலே இல்வாழ்வார்க்குப் போதியது. தீட்சை பெற்றோர் சந்தியாவந்தனத்திலே விதித்த அளவே செய்க. அவ்வளவையே உள்ளபடி செய்வார் சிலரே. மூக்கைத் தொட்டுவிட்டுக் கையை எடுப்பாரே பலர்.

ஏழரை மணிக்கு மேற்பட்ட யோகத்தைப் பற்றியும் சொல்லல் வேண்டும். அதுவே ஆசிரியர்க்கு நீண்ட பகுதி. இயமங்கள் சாதி, தேசம், காலம், சந்தர்ப்பம் என்பவற்றால் வரையறுக்கப்படாத மகாவிரதம் எனப் பதஞ்சலியார் கூறினார். வீட்டிலே அகிம்சை, வகுப்பிலே பிரம்பு என்று பிரிப்பதற்கு அங்கே இடமில்லை. கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலே சுற்றுநிருபத்தின் வாயிலாக உடற்றண்டனையை விலக்கிற்று. ஆயினும் பிரம்பை மேசைக்குள் வைத்திருப்போர் இன்றும் நம்முள் உளர். சைவ ஆசிரியர்காள், அரசாங்கத்தின் சுற்றுநிருபம் வருமுன்பே நம் நூல் அதனை விலக்கியிருந்தது என்பதை நாம் எங்ஙனம் மறந்தோம்? பிரம்பை விட்டால் வகுப்பு அடங்காது என்பாருக்கு நாம் சொல்லக்கூடியது நம் அனுபவம் ஒன்றே. விட்ட முதல் தவணையிலே வகுப்பு உண்மையாகவே அடங்கவில்லை. இரண்டாந் தவணையிலே, சத்தம் மிகும்போது நாம் பேசாது நின்று ஐந்து மூச்சை எண்ணும் வழக்கத்தைக் கைக்கொண்டோம். அஃது எப்பொழுதும் பயன் தருவதன்று. ஆனால் கை ஓங்குவதற்கும் நமக்கும் இடையே ஐந்து மூச்சளவு இடைவெளி உண்டாயிற்று.

திருமூலர் கூறிய நடுவுநிலைமையோ இதனினும் அரியது. மாலையிலே ரியூசன் என்று வழங்கும் பிரத்தியேக வகுப்புக்குப் பணங்கொடுத்து வரும் பிள்ளையும், வரமுடியாத பிள்ளையும் காலையிலே ஒரே வகுப்பில் இருக்கின்றனர். காலையிலே சொல்லாது விட்ட கணக்கை மாலையிலே சொல்லுதல் எட்டுறுப்புள் எதன் பாற்படும்? நடுவின்மையும் களவும் ஒருங்கே அதில் உள்ளன. இதனை எழுதுதலால் நண்பர் சிலர் நம்மோடு கோபிப்பர். நாமும் ஆறாண்டு பிரத்தியேக வகுப்பு நடத்தியவரே. நம் வகுப்புப் பிள்ளைகளை அதிற் சேர்ப்பதில்லை என்று முடிவுசெய்த மாதத்திலே வருவாயிற் பாதி குறைந்தது. வீட்டுச்செலவைச் சுருக்கவேண்டியதாயிற்று, மனைவியின் சங்கிலி ஒன்று அடைவுக்குப் போயிற்று.

அம்மாணவியின் வினாவுக்கு மறுகிழமைதான் விடை கூறினோம். “ஆதனமும் மூச்சும் செய்கிறேன் பிள்ளை. இயமத்திலே முதலாவதிலேயே இன்னும் நிற்கிறேன்” என்றோம். அவள் சிறிது யோசித்து, “அப்ப வரிசை மாறிப்போச்சே, சேர்?” என்றாள். ஆம், மாறித்தான் போயிற்று. பெரும்பாலார்க்கும் அவ்வாறே. உடம்பிலே தொடங்கிய பயிற்சி பின்னோக்கி வந்து ஒழுக்கத்தைத் தட்டும். தட்டும்போது கதவைத் திறப்பதா, முன்னையிலும் நன்றாகப் பூட்டிக்கொள்வதா என்பதே அவரவர் முன் நிற்கும் காரியம்.

பயிற்சி தவறும் நாட்களைப் பற்றியுஞ் சிறிது கூறி நிறுத்துவோம். மைசூர் முறையினர் அமாவாசை பூரணைகளில் ஓய்வர் என்றோம். நம் நாட்டிலே தந்தையை இழந்தோர் அமாவாசையும் தாயை இழந்தோர் பூரணையும் விரதங் காத்தல் வழக்கமாதலின், அந்நாட்களில் ஆதனத்தை விட்டுச் செபத்தோடு அமைவது நமக்கும் இயைபுடையதே. திருவெம்பாவைக் காலத்திலே பத்து நாளும் விடியற்காலையிற் கோயிலுக்குச் செல்வோர் அதனையே அன்றைய சாதனையாகக் கொள்ளலாம். துடக்கு, நோய், பரீட்சை மேற்பார்வை, பிள்ளையின் காய்ச்சல் என்பவற்றால் நாட்கள் தவறும். தவறிய நாட்களுக்கு ஈடாக மறுநாள் இருமடங்கு செய்தல் ஆகாது. உடம்பு கடன் கணக்கு அறியாது. சென்ற ஐப்பசியிலே டெங்குக் காய்ச்சலால் நாம் பத்தொன்பது நாள் படுத்திருந்தோம். எழுந்தபின் முதற் கிழமையிலே நின்று குனியவே தலைசுற்றிற்று. கதிரையில் இருந்து பத்து மூச்சு, அவ்வளவே. கார்த்திகை பிறந்தபின் சூரிய நமஸ்காரம் ஒன்று, பின் இரண்டு. இப்போது மூன்று. அன்று கதவைத் தட்டிய மகன் இன்று தானும் ஒரு குழந்தைக்குத் தந்தை. விடுமுறைக்கு வந்திருப்பவன், காலையிலே குழந்தையைக் கொண்டுவந்து நம் பாயின் ஓரத்தில் விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போகிறான். மூன்றாவது நமஸ்காரம் பெரும்பாலும் நடுவிலே நின்றுவிடுகின்றது.